சங்கிலிப்பாண்டி தேடிய மைக்

எந்த மைக்கைக் கையில் எடுத்தாலும் சங்கிலிப்பாண்டி முதலில் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டுவான். பிறகுதான் ஊதுவது. ‘ஃபூ’ என்று ஊதிவிட்டு, அந்த ஊதல் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து அடங்குகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். கண்ணைத் திறக்கும்போதே முகத்தில் முடிவு தெரிந்துவிடும். உதட்டைப் பிதுக்கி, மைக்கை மேஜையில் வைத்து, ஒற்றை விரல் நுனியால் கடைக்காரர் பக்கம் தள்ளிவிடுவான். வீட்டில் குழம்பு பிடிக்காத நாளில் கிண்ணத்தைத் தள்ளுவதும் இதே மாதிரிதான். பக்கத்தில் நிற்கிற மனைவி குருவம்மாளுக்கு அந்த விரலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

“இதுக்கு என்ன கொறச்சலாம்?”

அவன் அவள் காதருகே குனிந்து, ஓட்டை டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி சொல்வான்: “கரகரங்குது.”

செட்டியார்பட்டியில் அவனைத் தெரியாத வீடு கிடையாது. மூன்று சக்கர வண்டியில் பிளாஸ்டிக் குடங்களைக் கோபுரமாக அடுக்கி, கைப்பிடியைச் சுற்றிக் கூடைகளைத் தொங்கவிட்டு, வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருப்பான். பழைய இரும்பு, ஈயம், பித்தளை எதைக் கொண்டுவந்து போட்டாலும் தராசில் தூக்கிப் பார்த்து, அதற்கு ஈடாகக் குடமோ வாளியோ கொடுப்பான். ஒரு நாள் ராஜபாளையத்துத் தெருக்கள், ஒரு நாள் சேத்தூர் என்று முறை வைத்துப் போவான். மணி கிடையாது, ஊதல் கிடையாது. தொண்டை ஒன்றுதான். ‘பழைய இரும்பு ஈயம் பித்தளைக்கு’ என்று மளமளவென்று ஓட்டிவிட்டு, குடம் என்பதைக் ‘கொடோம்’ என்று நிறுத்தி இழுப்பான். அந்த இழுப்பு முக்குத் திரும்பி, அடுத்த தெரு அடுப்படி வரைக்கும் போகும். வண்டி வருமுன்னே பெண்கள் ஓட்டைச் செம்பும் துருப்பிடித்த அரிவாளுமாக வாசலில் நிற்பார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் அந்த இழுப்பில் விரிசல் விழுந்தது. சளி என்று நினைத்துச் சித்தரத்தையை மென்றான். மிளகுப்பால் குடித்தான். குடித்துவிட்டுப் போய் முன்னைவிட உரக்கக் கத்தினான். கடைசியில் மதுரைக்குப் போய் ஒரு தொண்டை டாக்டரிடம் காட்டியபோது, அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் குருவம்மாளிடம்தான் பேசினார்.

“கொரல் நாண் ரெண்டு பக்கமும் தடிச்சுப் போயிருக்கும்மா. மெதுவாப் பேசலாம். கத்தக் கூடாது. கத்தினா இருக்கிற சத்தமும் போயிரும்.”

“எம்புட்டு நாளைக்குக் கத்தக் கூடாது?”

“கத்துறத இனிமே மறந்திர வேண்டியதுதான்.”

பஸ்ஸில் வரும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திருமங்கலம் தாண்டியும் திரும்பவில்லை.

கத்தாமல் யாவாரம் பார்க்க என்னென்னவோ செய்து பார்த்தான். சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனதில் ஐஸ்காரன் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். குடத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு திரும்பினார்கள். வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் குச்சியால் தட்டினான். வரி பாக்கிக்குத் தண்டோரா போடுகிறார்கள் என்று எண்ணி இரண்டு தெருக்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். இதற்கிடையில் சுந்தரபாண்டியத்து ஆள் ஒருவன் மொபெட்டில் ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டி, டேப்பில் பதிந்த குரலை ஓடவிட்டுக்கொண்டு சேத்தூருக்குள் வர ஆரம்பித்திருந்தான். வாயைத் திறக்காமல், வெற்றிலை போட்டபடி வண்டி ஓட்டுகிறானாம்.

அதைக் கேட்ட அன்று சாயங்காலம் சங்கிலிப்பாண்டிக்கு ரொம்ப நாள் கழித்து முகம் தெளிந்தது.

“ஏட்டி, ஒரே ஒரு தடவ. நல்லா ஒரு தடவ கத்தி டேப்புல புடிச்சிட்டேன்னு வையி. பொறவு ஆயுசு பூரா கத்தவே வேண்டாம்.”

“அந்த ஒரு தடவ கத்தலாம்னு டாக்டரு சொன்னாரா?”

“கத்தக் கூடாதுன்னாரு. ஒரு தடவன்னு நாமளும் கேக்கலயே.”

குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பொன்னுராஜ் பொறுமைசாலி. அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும்போது பேசுவதைப் பதிந்து பழக்கம் உண்டு. விலை குறைந்த மைக் ஒன்றை எடுத்து, வயரைச் சுருட்டி, சங்கிலிப்பாண்டி கையில் கொடுத்தார்.

“அண்ணாச்சி, வீட்ல வச்சுப் பேச்சுப் பதியதுக்குப் பெரிய மைக்கெல்லாம் வேண்டாம். இது போதும். வாய்க்கு நேரா வைக்காம செத்த சாய்ச்சு வச்சுக்கோங்க. கதவு ஜன்னல்ல கம்பளியத் தொங்க விடுங்க. மைக்கத் தேடுறத விட அமைதியான ரூம்பத் தேடுங்க.”

அமைதியான ரூமுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டிப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகை. காலையில் ஓடத் தொடங்குகிற தறிகள் ராத்திரி ஷிப்டு முடிகிற வரை ஓயாது. குருவம்மாளே அந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். அங்கே பக்கத்தில் நிற்கிறவளிடம் நூல் கேட்பதானாலும் அடிவயிற்றிலிருந்து கூப்பிட வேண்டும். அந்தச் சத்தத்தில் பதிந்து பார்த்ததில் தறிதான் விழுந்ததே தவிர மனுஷன் விழவில்லை.

மைக்கைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி வந்தான். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் என்று சொன்ன மைக் அது. சொன்னபடி பிடித்தது. பக்கத்து வீட்டு அய்யம்மாள் கோழியை விரட்டியது, அவள் மருமகளை ஏசியது, தெருநாய் கொட்டாவி விட்டது வரை பிடித்தது. அதைப் போட்டுக் கேட்கும்போது அய்யம்மாளே உள்ளே வந்துவிட்டாள். “நான் எங்க அப்பிடிச் சொன்னேன்?” என்று சண்டைக்கு நின்றவளைச் சமாதானப்படுத்திக் குருவம்மாள்தான் அனுப்பினாள். சங்கிலிப்பாண்டி மூலையில் உட்கார்ந்து, விரலால் மைக்கைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அடுத்து, கேசட் சரியில்லை என்றான். பிறகு வீட்டிலிருந்த பழைய டேப் ரிக்கார்டரின் ஹெட் தேய்ந்துவிட்டது என்றான். வீட்டுக்குள் அடுக்கியிருந்த குடங்களால்தான் குரல் குகைக்குள் பேசுகிற மாதிரி முழங்குகிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்து, அத்தனை குடங்களையும் முற்றத்துக்கு மாற்றினான். அன்றைக்கென்று காற்றடித்தது. செட்டியார்பட்டித் தெருவெல்லாம் உருண்டு போன குடங்களைப் பொறுக்கி வந்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மறுபடியும் பொன்னுராஜ் கடை.

பொன்னுராஜுக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. முதலில் கொடுத்த அதே மலிவு மைக்கை எடுத்து, டேப்பில் சொருகி, ‘கர்த்தர் நல்லவர்’ என்று தானே ஒரு வாக்கியம் பேசிப் போட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது.

“கேட்டீங்களா? மைக்குல ஒரு கொறையும் இல்ல.”

சங்கிலிப்பாண்டி கண்ணை மூடிக் கேட்டான். தலையை ஆட்டினான். பிறகு குருவம்மாளின் காதில் குனிந்தான். அவள் அதைக் கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டாள். அவன் முழங்கையில் இடித்தான். சொன்னாள்.

“அது ஒங்க கொரலுக்கு ஏத்த மைக்காம். அவிய கொரலுக்கு ஏத்த மைக்கு வேற இருக்குமாம்.”

பொன்னுராஜ் மைக்கின் வயரைச் சுருட்டி வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிவிட்டு, “ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒருத்தர் மஸ்கட்ல இருந்து கொண்டாந்த செட்டு விக்கிறாராம், பாருங்களேன்” என்றார்.

அதையும் பார்க்கத்தான் போனார்கள். தேரடிக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. குருசாமி என்கிறவர் அந்த டேப் ரிக்கார்டரைப் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி துணி விலக்கிக் காட்டினார். சங்கிலிப்பாண்டி குனிந்து குருவம்மாளின் காதில் கேட்க, அவள் நிமிர்ந்து அவரிடம் கேட்க, அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் சங்கிலிப்பாண்டியின் முகத்துக்கு நேரே வந்து கத்திச் சொன்னார். வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று எல்லாருமே எடுத்துக்கொள்கிறார்கள்.

“பெல்ட்டு மாத்துனதான்னு அவிய கேக்காவ.”

“பெல்ட்டெல்லாம் அப்படியே ஒரிஜினல்,” என்று குருசாமி அவன் காதுக்குள் அலறினார்.

“பேட்டரியில ஓடுமான்னு கேக்காவ. ஓடும்னா ஓட விட்டுக் காட்டச் சொல்றாவ. பெட்டி தேஞ்சு கெடக்கு, மூடி ஒடஞ்சிருக்கு, மஸ்கட்ல இருந்து வந்ததுனு சொன்னா ஆச்சா, கப்பல்ல வந்ததா கழுதையில வந்ததான்னு யாருக்குத் தெரியும்?”

குருசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா, அவரு ஒரு வார்த்த சொன்னா நீங்க பத்துச் சொல்றீகளே.”

“மிச்சம் ஒம்பதும் எனக்குள்ளது,” என்றாள் குருவம்மாள்.

குருசாமி விலையை இறக்கிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெட்டியைச் சங்கிலிப்பாண்டி மடியிலேயே வைத்துக்கொண்டான். அவளுடைய மடியில் காய்கறிப் பையும், அவனுடைய செருப்பும் இருந்தன. பெட்டி மடியில் இருக்கும்போது செருப்புப் போடக் கூடாதாம்.

இனி ஒரு குறையும் சொல்ல முடியாது என்று குருவம்மாள் நினைத்தாள். அப்புறமும் அவன் பதியவில்லை. சத்தம் அடங்க வேண்டும் என்று காத்திருந்தான். மாதம் ஒரு முறை கரண்டை நிறுத்திக் கம்பி வேலை பார்ப்பார்கள். அன்றைக்குத் தறி ஓடாது, பக்கத்து வீட்டு டிவி ஓடாது. டேப்போ பேட்டரியில் ஓடும். அந்த நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். இருக்கிற குரலைச் சேர்த்து வைக்கிறானாம். காப்பி வேண்டுமென்றால் கை தட்டுவான். பதில் வரத் தாமதித்தால் தட்டைத் தட்டுவான். வெற்றிலை வேண்டுமா வெந்நீர் வேண்டுமா என்று சைகையை அர்த்தம் பண்ணியே குருவம்மாள் அந்த வாரம் பாதியாக இளைத்தாள்.

கரண்டு நின்ற அன்று காலையில் தெரு காலியான பாத்திரம் மாதிரி இருந்தது. குடங்களைக் கயிற்றில் கோர்த்து முற்றத்தில் கட்டியாயிற்று. ஜன்னலில் நனைத்த சாக்கு, கதவில் கம்பளி, தரையில் தலையணை. அய்யம்மாளிடம் கெஞ்சி, கோழிகளைக் கூடையில் கவிழ்த்தாயிற்று. பொன்னுராஜ் கொடுத்த அந்த முதல் மைக்கைத்தான் சொருகியிருந்தான். வேறு மைக் தர மாட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். சங்கிலிப்பாண்டி குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பொத்தானை அமுக்கினான்.

‘பழைய இரும்பு’ நன்றாகவே வந்தது. குருவம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ‘ஈயம் பித்தளைக்கு’ வரைக்கும் வந்தது. ‘கொ’ என்று எடுத்ததும் காய்ந்த ஓலை கிழிகிற மாதிரி கிழிந்தது.

டேப்பைப் பின்னால் ஓட்டி இரண்டாவது தடவை தொடங்கினான். ‘ஈயம்’ வரைகூட எட்டவில்லை.

மூன்றாவது தடவை வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தோள் இரண்டும் உயர்ந்தன. காற்று மட்டும் வந்தது.  அவன் குருவம்மாள் பக்கம் பார்க்கவில்லை. பிறகு வாயை மூடி, மைக்கின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கி, விரல் நுனியால் அதைத் தள்ளினான்.

குருவம்மாளுக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியாது. மாதக் கணக்காக அலைந்த அலைச்சல், உருண்ட குடங்கள், மஸ்கட் பெட்டி, கைதட்டல் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு ஏறிவிட்டது.

“மைக்குல ஒண்ணுமில்ல. மைக்கு மேல பழியப் போடாதீங்க. இங்க தாங்க அத.”

பிடுங்கினாள். நேராக வைக்க வேண்டுமா சாய்க்க வேண்டுமா என்றெல்லாம் பார்க்கவில்லை. தறிக் கொட்டகையில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

“பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குக் கொடோம்… வாளியே… கூடையே… போட்டா போடுங்க, போடாட்டி போங்க, என் உசுர வாங்காதீங்க.”

மைக்கைத் தலையணையில் எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அரிசியைக் களைய ஆரம்பித்து, எத்தனை தடவை களைகிறோம் என்பதே தெரியாமல் களைந்துகொண்டிருந்தாள். முன்னறையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவன் டேப்பை இப்போதுதான் நிறுத்துகிறான். சர்ரென்று அது பின்னால் ஓடியது. பிறகு யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள். தெருவில் யார் இந்த நேரத்தில் என்று எட்டிப் பார்க்கப் போனவள், ‘என் உசுர வாங்காதீங்க’ என்றதும்தான் நின்றாள். தறிச் சத்தத்துக்குள்ளேயே பேசிப் பழகியவள் அவள். தன் குரலை அவள் தனியாகக் கேட்டதே இல்லை. ஒரு கரகரப்பில்லை, ஒரு முழக்கமில்லை. ‘கொடோம்’ என்கிற இடத்தில் அவனைப் போலவே இழுத்திருந்தாள்.

அவன் மறுபடி ஓட்டிக் கேட்டான். அதற்குப் பிறகும் ஒரு தடவை.

அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

“மைக்கு நல்ல மைக்குத்தான்,” என்றான்.

  உலை கொதிக்கிற வரைக்கும் அவன் அங்கேயே நின்றான்.

அந்த ஒரு கூப்பாட்டைத்தான் பொன்னுராஜ் திரும்பத் திரும்பப் பதிந்து கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க நிரப்பிக் கொடுத்தார். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் ஹாரனையும் வண்டியில் பொருத்தியும் கொடுத்தார். பதியும்போதே, “கடைசியில ஏசுறத வெட்டிரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டாராம். சங்கிலிப்பாண்டி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். இது குருவம்மாளுக்குத் தெரிந்தபோது வண்டி மூன்று ஊர் சுற்றி வந்துவிட்டது.

“ஊரு சிரிக்காதா? அடுத்த கரண்டு நிப்பாட்டுக்கு மரியாதையாப் பேசித் தாரேன். இத அழிச்சிருங்க.”

“அது இல்லாட்டி ஒன் கொரலு மாதிரியே இருக்காது,” என்றான் அவன், மெதுவாக, டாக்டர் சொன்ன அளவில்.

யாவாரம் பழையபடி நடந்தது. ‘உசுர வாங்காதீங்க வண்டி’ என்று பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள். சேத்தூரில் கட்டிக் கொடுத்திருந்த மகள் செல்லக்கனி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“எம்மா, நீ எங்க மாமியா வீட்டு வாசல்ல வந்து ‘போடாட்டி போங்க’ன்னு ஏசுற. அவிய என்னயப் பாக்காவ. நான் எங்க போய் முகத்த வைக்க?”

இதோடு முடித்துவிட வேண்டும் என்று குருவம்மாள் தீர்மானித்தாள். அடுத்து அவன் சேத்தூருக்குப் போன நாளில் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டி போன பிறகு பஸ் ஏறினாள். நடுத்தெருவிலே வைத்து அந்தக் கேசட்டை உருவிக்கொண்டு வந்துவிடுவது என்றிருந்தாள். என்ன சொல்லி ஏசுவது என்றுகூட வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஆனி மாதம். மலைப் பக்கம் கறுத்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே எங்கோ இரண்டு தெரு தள்ளித் தன் குரல் தன்னையே கூப்பிடுவது கேட்டது. ஒரு வீட்டு வாசலில் எட்டிப் பார்த்த பெண், “இந்தா வந்துட்டா,” என்று உள்ளே திரும்பிச் சொல்லிக்கொண்டே ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் உடைந்த பாதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

குருவம்மாள் முக்கில் நின்றாள். கோயில் பக்கமிருந்து வண்டி வந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. குத்துவிளக்குக்காரி கேட்டதற்கு, டேப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து தாழ்ந்த குரலில் பதில் சொன்னான். எடை பார்த்தான். ஒரு கூடையைக் கொடுத்தான். மறுபடி பொத்தானை அமுக்கினான். ‘போட்டா போடுங்க, போடாட்டி போங்க’ என்று ஹாரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாரல் விழத் தொடங்கியது. பெண்கள் வாசலிலிருந்து உள்ளே ஓடினார்கள். குருவம்மாள் ஒரு வீட்டு இறவாரத்தில் ஒதுங்கினாள். கூப்பிடலாமா என்று வாயெடுத்தவள் கூப்பிடவில்லை.

சங்கிலிப்பாண்டி வானத்தைப் பார்த்தான். அடுக்கியிருந்ததில் இன்னும் ஸ்டிக்கர் உரிக்காத புது நீல வாளி ஒன்றை உருவி, அவள் குரல் இருந்த டேப் ரிக்கார்டரின் மேல் கவிழ்த்து, அது ஆடாமல் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தான். பிறகு தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல், நனைந்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் திரும்பினான்.